நிலுவையில் அப்பா

இடது கை முடிந்து, வலது உள்ளங்கையில் பர்வீன் முதல் கொடியை இழுக்கத் தொடங்கியபோதுதான் மங்கையர்க்கரசிக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அப்பாவை அழித்தோமா, இல்லையா? அழித்திருப்போம். அழிக்காமலா இருப்போம். காலையில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே நின்றுகொண்டு போனில் நிலுவைப் பட்டியலை இறக்கிக்கொண்டே போனது நினைவிருக்கிறது. பெரிய அண்டா எங்கே என்று யாரோ கேட்டது நினைவிருக்கிறது, மாடிப்படிக்குக் கீழே என்று பதில் சொன்னதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு விரல் எங்கே போனது என்பது மட்டும் இல்லை. ‘அனைத்தையும் தேர்வு செய்’ என்ற கட்டத்தைத் தொட்டாள், அது உறுதி. தொட்டதும் எல்லாச் சாவுகளின் ஓரத்திலும் ஒரே சமயத்தில் பச்சை டிக் விழுந்தது. சரிபார்த்தாயிற்று என்று அர்த்தம். அந்த எல்லாவற்றிலும் அப்பா இருந்தாரா? “விரலை மடக்காதீங்கக்கா, கோடு நெளியுது” என்றாள் பர்வீன். மச்சுவாடியிலிருந்து வந்த பெண், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், மருதாணிக் கோனைப் பிடித்த கை ஒரு நூலிழை கூட நடுங்காது. நாளை மறுநாள் நாத்தனார் கலாவுக்குக் கல்யாணம். மணப்பெண் முழங்கை வரை போட்டு முடித்து உள்ளறையில் மின்விசிறிக்கு அடியில் கையை விரித்துப் படுத்திருக்கிறாள். அடுத்தது வீட்டு மருமகள் என்று மாமியார்தான் பிடித்து உட்காரவைத்தாள். வேண்டாம், பதினோரு மணிக்கு ஒரு வேலை இருக்கிறது என்று மங்கை இழுத்ததற்கு, “உன் புருஷன் போயிருக்கான்ல, அவன் பார்த்துக்குவான். ஒரு நாளாவது பொம்பளை மாதிரி கையை வச்சுக்க” என்று பதில் வந்தது. இப்போது இரண்டு கைகளும் இரண்டு தலையணைகளின் மேல் யாருடையவையோ போலக் கிடக்கின்றன. போன் ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்து கிடக்கிறது. எட்டினால் தொடலாம். தொட்டால் பர்வீனின் முக்கால் மணி நேர வேலை பாழ். அதுகூடப் பரவாயில்லை. கலாவின் கல்யாணத்துக்குப் போட்ட மருதாணியை அண்ணிக்காரி வழித்துப் போட்டாள் என்று ஒரு பேச்சு இந்த வீட்டில் பத்து வருஷத்துக்கு நிற்கும். முதலில் யோசிப்போம். யோசித்தால் நினைவு வந்துவிடும். வெறும் சந்தேகத்துக்காகக் கையைக் கெடுத்துக்கொள்வானேன்.

பதினோரு மணி வேலை என்பது ஒரு பொத்தானை அமுக்குவது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடிக் கூடத்தில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர்கள், ஆம்புலன்ஸ் வைத்திருப்பவர்கள், சொர்க்க ரதம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று குமரகுரு, அவள் புருஷன், தாங்கள் இரண்டு பேருமாக உண்டாக்கிய செயலியைக் காட்டி, இன்று முதல் இது ஊருக்கு என்று சொல்லி அந்தப் பொத்தானை அமுக்குவான். செயலிக்குப் பெயர் கேதம். புதுக்கோட்டைப் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதைக் கேதத்துக்குப் போவது என்றுதான் சொல்வார்கள். யார் இறந்தார், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்தச் சுடுகாடு என்று போனுக்குச் சேதி வரும். சுவரொட்டி ஒட்டி, ஆட்டோவில் மைக் கட்டி, தெருத்தெருவாகச் சொல்லி, கடைசியில் சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லாமல் விட்டுப்போகிற கதை இனி இல்லை. குரு எல்லா இடத்திலும் இப்படித்தான் ஆரம்பிப்பான். ‘சொல்ல வேண்டிய ஆளுக்கு’ என்கிற இடத்தில் அவளைப் பார்க்க மாட்டான். பார்க்காமல் இருப்பதுதான் அவன் மரியாதை. மாமியார் அலமேலு மட்டும் அதைச் சாவு ஆப்பு என்பாள். “ஊரு உலகத்துல புள்ளைங்க சோறு கொண்டாந்து குடுக்கற ஆப்பு பண்ணுதுங்க, சேலை விக்கற ஆப்பு பண்ணுதுங்க. எம்புள்ளையும் மருமகளும் எழவு சொல்லப் போறாங்களாம்.” கல்யாண வேலை தொடங்கிய அன்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள், தாலி ஏறுகிற வரைக்கும் இந்த வீட்டுக்குள் அந்தப் பேச்சு வேண்டாம் என்று. வேண்டாம்தான். ஆனால் போன்களில் இறக்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது இந்த வாரம், சங்கம் கூடுவது இன்றைக்கு, அடுத்து எப்போது கூடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கல்யாண வீட்டில் குரு சாம்பார்ப் பொடி வாங்கப் போயிருப்பதாகத்தான் பேச்சு.

சரி, வரிசையாகப் போவோம். சோதனைக்கென்று குரு தனி இடம் வைத்திருந்தான். அங்கே என்ன எழுதினாலும் ஊருக்குப் போகாது. அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் இருந்தது, சோதனைக்கு உயிரோடிருக்கிற யார் பெயரையும் போடக் கூடாது என்று. முதல் நாள் குரு தன் பெயரையே போடப் போனான். அவள் மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டாள், அவன் விரல் நசுங்கிப்போயிற்று. அதற்குப் பிறகுதான் சிங்காரம் பிறந்தார். சோதனைச் சிங்காரம், ஓய்வு பெற்ற நடத்துனர், திருக்கோகர்ணம். அவருக்கு ஒரு மனைவி, மூன்று மகன்கள், துபாயில் ஒரு பேரன். ஒரு வருஷமாக அவரைக் கொன்றுகொண்டே இருந்தார்கள். “சிங்காரம் செத்துட்டாரா?” “செத்துட்டார், ஆனா படம் தலைகீழா வந்திருக்கு.” “இப்ப?” “இப்பப் படம் சரி, ஆனா நேத்திக்குச் செத்ததா சொல்லுது.” சோறு தின்னும்போதும் இதே பேச்சு. மாமியார் ஒருநாள் கலங்கிப்போய், “யாருடா அந்தப் புண்ணியவான், இத்தனை தடவை சாவறாரு” என்று கேட்டாள். எந்தச் சத்தத்தில் சேதி வர வேண்டும் என்பதற்கு ஒரு வாரம் சண்டை. குரு சங்கு என்றான். ராத்திரி பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் பையிலிருந்து சங்கு ஊதினால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். கடைசியில் கதவைத் தட்டும் ஓசை. இரண்டே தட்டு. சேதி சொல்ல வருகிறவன் தட்டுவது போல. இதெல்லாம் எதற்கு இப்போது. அப்பாவை எங்கே எழுதினோம்? அதைத்தான் யோசிக்க வேண்டும், மனம் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுகிறது. சோதனை இடத்தில் எழுதவில்லை. சோதனை இடத்தில் குரு எந்நேரமும் புழங்குவான், பார்த்துவிடுவான். பார்த்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவான், அதைத் தாங்க முடியாது. உண்மையான இடத்தில், வெளியிடக் காத்திருப்பவை கிடக்கும் நிலுவைப் பகுதி அவள் ராஜ்ஜியம். ஐஸ் பெட்டிக்காரர்கள் அனுப்புகிற விவரத்தை அவள்தான் எழுதி, அவள்தான் சரிபார்ப்பாள். அச்சகத்தில் கணினியில் எட்டு வருஷம் பக்கம் அமைத்தவள், கண்ணீர் அஞ்சலி வாசகம் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். அதனால் அப்பாவை அங்கே எழுதினாள். குரு பார்க்கக் கூடாதென்று, ஊர் பார்க்கிற இடத்துக்கு ஒரு படி கீழே கொண்டுபோய் வைத்தாள். ஒவ்வொன்றாக வெளியிடக் கை வலிக்கிறது, டிக் விழுந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொத்தானாக வை என்று அவனிடம் கேட்டு வாங்கியவளும் அவள்தான். பதினோரு மணிக்கு அவன் அமுக்கப்போவது அதைத்தான்.

“அக்கா, பேரு ஒளிச்சு வைக்கணும்ல, அண்ணன் பேரு என்ன?” என்றாள் பர்வீன். உள்ளங்கைப் பூவுக்குள் புருஷன் பெயரைப் பொடியெழுத்தில் மறைத்து எழுதுவது இப்போதைய வழக்கம், அவன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமாம். “குரு” என்றாள். “ரெண்டே எழுத்தா, எனக்கு வேலை மிச்சம்.” பெயர். ஒரு பெயர் இருக்கிறதா, இல்லையா என்று தேடுவது என்னவென்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கேதம் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள், திருச்சியிலிருந்து வந்து பேருந்து நிலையத்தில் இறங்கியவள் எதிர்ச் சுவரில் அம்மாவைப் பார்த்தாள். சுவரொட்டி, ஒரு டியூஷன் விளம்பரத்தின் மேல் பாதி ஏறி ஒட்டியிருந்தது. விசாலாட்சி அம்மாள் என்றிருந்தது, சிவலோக பதவி அடைந்தார் என்றிருந்தது. தேதி முந்தாநாள். முந்தாநாள் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்தாள். ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்குப் பிள்ளையார் படம் தேடிக்கொண்டிருந்தாள். முதலில் அழுகை வரவில்லை. கீழே துயரத்தில் வாடும் குடும்பத்தார் என்று வரிசையாகப் பெயர்கள் இருந்தன. பத்தாம் வகுப்பு முடிவில் பதிவெண்ணைத் தேடுவது போல அதில் தன் பெயரைத் தேடினாள். கணவர் திருஞானம். மகன் சிவபாலன். மருமகள் வசந்தா. பேரன், பேத்தி. கடை ஊழியர்கள் கூட இருந்தார்கள். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவளுக்கு வீட்டில் இடமில்லை என்று அப்பா சொன்னது பழைய சேதி, அதை அவள் ஜீரணித்திருந்தாள். தாளில் இடமில்லை என்பது புதுசு. பசை இன்னும் ஈரமாக இருந்தது போலவும், இல்லை காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது போலவும் நினைவு இரண்டு விதமாக வருகிறது. பின்னால் ஒருவன், கொஞ்சம் நகருங்கம்மா, பஸ் நேரம் பார்க்கணும் என்றான். நகர்ந்தாள். வீட்டுக்கு வந்து குருவிடம் சொன்னாள். ஒரு மாதம் கழித்து அவன் மடிக்கணினியைத் திறந்து வைத்து, “சேதி ஒருத்தருக்குப் போகாம இருக்க முடியாதபடி பண்ணணும். எப்படிப் பண்ணலாம், சொல்லு” என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது. சங்கத்தாரிடம் இதைச் சொல்வதில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு வசதி என்று சொல்வார்கள்.

அப்பாவை எழுதியது ஒரு மத்தியான நேரம். அதற்கு முதல் நாள் கீழராஜ வீதியில் அவரைப் பார்த்திருந்தாள், எதிர்ப்புறத்து பேக்கரிக்குள் நின்றுகொண்டு. திருஞானம் மெடிக்கல்ஸ் பலகை அப்படியே இருந்தது. உள்ளே அவர், சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு பெண்ணிடம் சிரப் பாட்டிலை நீட்டி எத்தனை மூடி கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று தடவை சொல்வார். மாத்திரை அட்டையைக் கத்தரியில் வெட்டும்போது தேதி இருக்கிற பக்கத்தைக் கடைக்காரன் வைத்துக்கொள்ளக் கூடாது, வாங்குகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பார். அவள் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தாள். பிறகு அந்தப் படத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் நிலுவையில் புதிது என்று தொட்டு எழுத ஆரம்பித்தாள், எழுத எழுத விரல் தானாக ஓடிற்று. விசாலாட்சியின் கணவரும், சிவபாலன், மங்கையர்க்கரசி ஆகியோரின் தந்தையும், வசந்தா, குமரகுரு ஆகியோரின் மாமனாருமாகிய. அந்த இடத்தில் நிறுத்தினாள். குமரகுருவின் மாமனார். உலகத்தில் எங்கேயும், எந்தக் காகிதத்திலும், எந்த வாயிலும் அப்படி ஒரு சொல் இதுவரை வந்ததில்லை. அந்த மனிதர் செத்தால்தான் அதை எழுத முடியும், செத்தாலும் எழுத விட மாட்டார்கள். தொடர்புக்கு என்கிற இடத்தில் தன் எண்ணைப் போட்டாள். பிறகு அழிக்கவில்லை. மத்தியான வேளைகளில் அவ்வப்போது திறந்து பார்த்தாள், அவ்வளவுதான். அப்பா சாக வேண்டும் என்றா? இல்லை. இல்லையென்று சொல்லிக்கொள்ள இவ்வளவு வேகம் எதற்கு. போன மாதம் சிவபாலன் மனைவி வசந்தா போன் பண்ணி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மாமா நேத்து கேட்டாங்க. அந்தப் புள்ள என்னமோ செல்போன்ல பண்ணுதாமே, என்ன அதுன்னு கேட்டாங்க” என்றாள். ஆறு வருஷத்தில் முதல் கேள்வி. அந்தப் புள்ள. அவ்வளவு போதும், அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியாயிற்று. கல்யாணம் முடியட்டும், கேதம் நாலு பேர் வாயில் விழட்டும், ஒருநாள் கடைக்குப் போய் ஒரு காய்ச்சல் மாத்திரை கேட்போம் என்று திட்டம். இப்போது அந்தப் புள்ள செல்போனில் என்ன பண்ணுது என்று அவருக்கே தெரியப்போகிறது. கடையில் பத்துப் பேர் நிற்கும்போது வாசலில் மாலையோடு ஒருவன் வந்து நிற்பான். பெற்ற மகள் அப்பனைச் சாகடித்தாள் என்று ஊர் பேசும். ஊர் பேசிவிட்டுப் போகட்டும். அவர் இனிமேல் அந்தப் புள்ள என்றுகூடச் சொல்ல மாட்டார்.

அழிக்கவில்லை. சட்டென்று தெரிந்துவிட்டது, இருட்டில் படி இருக்கிறதென்று காலை வைத்து இல்லாமல் போவது மாதிரி. அண்டா, மாடிப்படி, அனைத்தையும் தேர்வு செய், பச்சை, பிறகு கலா ‘அண்ணி’ என்று கூப்பிட்டாள், இவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நடுவே எதுவும் இல்லை, இருந்தால்தானே நினைவு வர. “பர்வீன், அந்தப் போனை எடு.” “இன்னும் ரெண்டு விரல்தானேக்கா.” “எடும்மா, அவசரம். பூட்டுக்கு என் விரல் கேட்கும், இந்த விரலைக் காட்டினா எடுக்காது. நம்பர் சொல்றேன், போடு. ஆப்பைத் திறந்து தேடி எடுக்க நேரமில்லை. ‘என்னங்க’ன்னு ஒரு பேர் இருக்கும், அதுக்குப் பண்ணு.” தனியாக இருக்கும்போது வாடா போடாதான், மாமியார் கண்ணில் பட்டுவிடும் என்று போனில் மட்டும் என்னங்க. மணி போயிற்று. போயிற்று. துண்டானது. “கட் பண்ணிட்டாருக்கா.” “மறுபடி பண்ணு.” மறுபடியும் துண்டானது. அவன் போனில் இருப்பதைத்தான் பெரிய டிவியில் இணைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. அவள் அழைப்பது அத்தனை பேருக்கும் முன்னால் சுவரளவு தெரிந்திருக்கும், மங்கை என்று, அவள் சிரிக்கிற படத்தோடு. வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவனும் சிரித்திருப்பான். போன் டொக்கென்றது. “என்ன போட்டிருக்கார், படி.” பர்வீன் படித்தாள். “‘எல்லாரும் வந்தாச்சு, இதோ அமுக்கப் போறேன்.’ என்னத்தைக்கா அமுக்கறாரு?” “அமுக்காதேன்னு போடு. வேண்டாம்னு போடு, சீக்கிரம்.” பர்வீன் கோனைக் கீழே வைத்து, விரலில் ஒட்டியிருந்ததைத் துணியில் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். அ கிடைத்தது. மு-வுக்கு ம-வைத் தொட்டு உ-வைத் தேடினாள். எட்டிப் பிடுங்கலாமா. பிடுங்கினாலும் இந்தக் கை எழுதாது, கண்ணாடியில் பச்சைச் சேறுதான் அப்பும். தூக்கத்தில் கத்த வாய் திறந்து சத்தம் வராமல் இருக்குமே, அதேதான், ஆனால் நல்ல வெளிச்சத்தில், மல்லிகைப்பூ வாசனையில், அடுப்படியில் யாரோ பூந்தி தேய்க்கிற சத்தத்தில்.

அப்போது கதவு தட்டுகிற ஓசை கேட்டது. இரண்டு தட்டு. “யாரோ வந்திருக்காங்க, பாருங்கடி” என்று கூடத்தில் ஒரு குரல். யாரோ எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்குவது கேட்டது. “ஒருத்தரையும் காணோமே.” மறுபடி இரண்டு தட்டு. “இதோ, கொல்லைப் பக்கமா?” கொல்லைக் கதவும் திறந்தது. பட்டியலில் மேலிருந்து கீழே போகுமா, கீழிருந்து மேலே வருமா? குரு சொல்லியிருக்கிறான், அவள் சரியென்று தலையாட்டியிருக்கிறாள். மேலிருந்து என்றால் முதலில் திருவப்பூர் ராமாயி, அப்புறம் போஸ் நகர் தச்சுவேலை மாரிமுத்து, அப்பா கடைசி. கீழிருந்து என்றால் முதல் தட்டே அப்பா. இரண்டு தட்டு. இன்னும் இரண்டு. யார் போன் அது? இந்த வீட்டில் கேதத்தை இறக்கி வைத்திருப்பது யார்? பெயரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்கிற வீடாயிற்றே. “ஏய், கதவெல்லாம் இல்லடி, உன் போனு அலமேலக்கா, இடுப்புல தட்டுது பாரு” என்றாள் சின்ன மாமியார். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

மாமியார் வாசல்படியில் வந்து நின்றபோது போனைக் கண்ணுக்கு எட்ட நீட்டிப் பிடித்திருந்தாள், மறு கையில் பாதி தொடுத்த மல்லிகைச் சரம் தொங்கியது. “மங்கை, எந்திரி தாயி” என்றாள். அப்படியொரு குரலில் அவள் இதுவரை கூப்பிட்டதில்லை. “பர்வீனு, அந்தக் கையை விடு. போய்க் கழுவு. நான் ஆட்டோ சொல்றேன்.” பின்னாலேயே வந்த சின்ன மாமியார், “அக்கா, முகூர்த்தக்கால் ஊனியாச்சு, இவ போயிட்டு வந்தா தீட்டு” என்று ஆரம்பித்ததும் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். “அவ அப்பன் செத்துக் கெடக்கான், தீட்டாம் தீட்டு. ஆத்தாளுக்குத்தான் சுவத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டா. இதுக்கும் அனுப்பாம நான் இங்க பூந்தி தேய்ச்சுக்கிட்டு இருந்தா மனுஷியா?” அப்போ இவளுக்குத் தெரியும். சுவர், பேருந்து நிலையம் எல்லாம் குரு சொல்லியிருக்கிறான், இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டேதான் சாவு ஆப்பு, சாவு ஆப்பு என்று கரித்துக்கொட்டிக்கொண்டு ஒருவருக்கும் தெரியாமல் இறக்கியும் வைத்திருக்கிறாள். சும்மா இருந்துவிடலாமா என்று மங்கைக்கு ஒரு கணம், ஒரே கணம், ஆட்டோவில் ஏறிக் கடை வாசலில் போய் இறங்கிவிடலாமா என்றுகூட. “சாகலை, அத்தை.” “அப்படித்தாம்மா இருக்கும் மொதல்ல. எந்திரி.” “இல்லை அத்தை, நெசமாவே சாகலை. நான்தான் எழுதினேன்.” மாமியார் போனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “எழுதிப் பார்த்தியா?” “ஆமா.” “உசிரோட இருக்கற மனுஷனையா?” “ஆமா.” “என்னத்துக்குடி?” “பேரு எப்படி இருக்கும்னு பார்க்க.” “அவரு பேரா?” “எங்க பேரு” என்றாள் மங்கை. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து, போனை மறுபடியும் நீட்டிப் பிடித்து, உதடு அசைய முதலிலிருந்து படித்தாள். குமரகுரு என்கிற இடம் வந்ததும் உதடு நின்றது. மகன் பெயர். பூச்சரத்தை மடியில் வைத்தாள். சின்ன மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “நீ போய் அடுப்பைப் பாரு” என்றாள்.

பர்வீன் கையிலேயே போன் மணி அடித்தது. அவள் பாம்பைப் பிடித்தவள் போல அதை நீட்டினாள். குருவாக இருக்கும் என்று பார்த்தால் பெயரில்லாத எண், வெறும் எண். மங்கை அதை முழுக்கப் படிக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பக்கத்து போன் பூத்திலிருந்து, மழை பெய்யுதுப்பா, குடையோட ஆள் அனுப்புங்க என்று சொல்ல அடித்த எண் அது. கடை போன். தொடர்புக்கு என்று அவள் போட்ட எண்ணுக்கு வருகிறது. “யாரும்மா?” என்றாள் மாமியார். “அப்பா.” மாமியாரே வாங்கிப் பொத்தானைத் தொட்டு அவள் காதில் வைத்து, கழுத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். “யாரு பேசறது?” கொஞ்சம் கரகரப்பு ஏறியிருக்கிறது, மற்றபடி அதே குரல், கடைக் குரல். “நான்தாம்ப்பா.” கத்தரி மாத்திரை அட்டையை வெட்டுகிற சத்தம் வந்தது. “ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் ஒண்ணு. சாப்பாட்டுக்கப்புறம்” என்றார் வேறு யாரிடமோ. பிறகு, “பூக்கடை வைத்தி ரோசாப்பூ மாலையோட வாசல்ல நிக்கறான். என்னைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால கொண்டுபோயிட்டான். என்ன சொல்லட்டும் அவன்கிட்ட?” “தப்பா வெளியாயிடுச்சுப்பா. அது சோதனைக்கு...” “சோதனைக்கு என் பேருதான் கெடைச்சுதா?” சிங்காரம் என்று ஒருவர் இருந்தார் என்று சொல்லலாமா என்று பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. “படம் எங்கேருந்து எடுத்தே?” “எதிர்த்தாப்புல பேக்கரியிலேருந்து.” “கண்ணாடியை நெத்தியில தூக்கி வச்சிருக்கேன். ஒரு நல்ல படம் கெடைக்கலை.” ஏதோ உரசுகிற சத்தம், யாருடைய போனையோ வாங்கிக் கிட்டத்தில் பிடிக்கிறார் போல. படிக்க ஆரம்பித்தார். பாட்டிலின் பொடி எழுத்தையே கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர், விட மாட்டார். “விசாலாட்சியின் கணவரும். சரி. சிவபாலன்.” நிறுத்தினார். “மங்கையர்க்கரசி.” ஸ்கூட்டர் ஒன்று கடையைத் தாண்டிப் போயிற்று. “வசந்தா.” அடுத்தது எது என்று அவளுக்குத் தெரியும், மாமியாருக்கும் தெரியும், காதில் வைத்த போன் லேசாக அசைந்தது. அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. மூச்சு மட்டும் வந்தது. படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வந்தது. “வயசு தப்பு” என்றார். “எனக்கு அறுபத்தொன்பது. குறைச்சுப் போட்டிருக்கே.” “மாத்திடவாப்பா?” “உசிரோட இருக்கறவனுக்கு மாத்தி என்ன பண்ணப் போறே. மொதல்ல எடு. ஊரே வந்துக்கிட்டிருக்கு.” “இதோ எடுத்துடறேன்ப்பா. அழிச்சுடறேன்.” “எடுன்னுதானே சொன்னேன்” என்றார், இப்போது குரலில் பழைய எரிச்சல் வந்திருந்தது, ஒரு சொல்லை மூன்று தடவை சொல்ல வைக்கிறார்களே என்கிற எரிச்சல். “அழின்னா சொன்னேன்? அது பாட்டுக்கு உள்ள கெடக்கட்டும். வயசை மட்டும் வருஷா வருஷம் மாத்திக்க.” வைத்துவிட்டார்.

மாமியார் போனை எடுத்துவிட்டு, மங்கையின் கன்னத்தில் அப்பியிருந்த மருதாணியை முந்தானையால் துடைத்தாள். எப்போது கன்னத்தில் கை வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “வலது கை மொத்தமும் போச்சுக்கா. மொதல்லேருந்து போடணும்” என்றாள் பர்வீன். போன் மறுபடி அடித்தது, என்னங்க என்று காட்டியது, லாட்ஜ் மாடியில் யாரோ திருஞானம் பெயரைப் படித்துக் கத்தியிருப்பார்கள். கொஞ்சம் காத்திருக்கட்டும். “போடலாம் பர்வீன், அதுக்கு முன்னாடி ஒரு வேலை. அந்த ஆப்பைத் திற. கீழே போ, இன்னும் கீழே, கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு ஒருத்தர் இருப்பார் பாரு. அந்தப் பச்சை டிக்கைத் தொடு, போயிடும். போச்சா? இப்ப நிலுவைன்னு காட்டுதா? அழின்னு ஒண்ணு பக்கத்துல இருக்கும், அதைத் தொட்டுடாதே. வயசுன்னு இருக்கற கட்டத்தைத் தொடு.” பர்வீன் தொட்டாள். “அறுபத்தொன்பது” என்றாள் மங்கை.